ரெங்கத்து அண்ணன்மாருக்கு: வீட்டில் சண்டை வராமல் பழைய கணினி பூட்டுவது எப்படி?

இது யாருக்குத் தேவையில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2005-க்குப் பிறகு முதல் கணினி வாங்கியவர்கள் இப்போதே விடைபெற்றுக்கொள்ளலாம். அவர்களுக்குக் கணினி என்பது அட்டைப் பெட்டியைப் பிரித்து சுவிட்சைப் போட்டால் வேலை செய்கிற சாமான். நமக்கு அது மூடி கழற்றியே கிடக்கும் ஒரு தகர கேசிங். மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கிய மறுநிமிடம் ஏதாவது ஒன்று படுத்துவிடும் என்பதால் மூடி எப்போதும் கட்டிலுக்கு அடியில்தான். அந்த மூடி இன்னும் அம்மா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்றால், வாருங்கள், உட்காருங்கள்.

உங்களை எனக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள். ரெங்கம் பட்டணத்திலோ சுற்றியுள்ள ஏதோ ஒரு தோட்டத்து லயத்திலோ வளர்ந்தீர்கள். இப்போது ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலை. நீங்கள் எஸ்.பி.எம். எழுதிய வருடத்தில் ரெங்கத்தில் இருந்த கணினிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தாலும் உங்கள் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசிக்கு ஈடாகாது. அது நன்றாகத் தெரிந்தும், ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, அதே கைப்பேசியில் ‘செலரான் 300ஏ விலைக்கு’ என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். இதற்கு மருந்து கிடையாது. பத்தியம் உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

படி 1: வீட்டில் பேச்சை எடுப்பது

‘ஆசையாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் வீடுகளுக்குள் கணினி ஆசைக்காக நுழைந்ததாக வரலாறே இல்லை. அது எப்போதும் ‘படிப்புக்கு’ வந்தது. 1996-இல் மல்டிமீடியா சூப்பர் கோரிடோர் என்று டாக்டர் மகாதீர் அறிவித்ததை அப்பாக்கள் செய்தியில் அரைகுறையாகக் கேட்டார்கள். மீதியை நாம் நிரப்பினோம். ‘இனிமே கம்ப்யூட்டர் தெரியலேன்னா வேலையே கிடைக்காதாம்பா’ என்று முடித்தோம். அப்பா கூட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்தார். பிறகு 2000 வாக்கில், ஊழியர் சேமநிதியிலிருந்தே கணினி வாங்கப் பணம் எடுக்கலாம் என்றானபோது இன்னும் சில வீடுகளுக்குக் கணினி வந்தது. வந்த கணினியில் என்ன படிப்பு நடந்தது என்பதை நமக்குள் வைத்துக்கொள்வோம். ‘ரெட் அலர்ட்’ நடந்தது. ‘படையப்பா’ வி.சி.டி. நடந்தது.

வி.சி.டி.யைக் கேலி செய்யக் கூடாது. கணினிமேல் இருந்த கோபத்தை அப்பா கைவிட்ட இடம் அதுதான். வட்டில் சுருக்கி வைத்திருக்கும் படத்தை, தனி கார்டு இல்லாத கணினியில், புரோசஸரே விரித்துக் காட்ட வேண்டும். 486-இல் ரஜினி நடக்க மாட்டார். நின்று நின்று நகர்வார். பெண்டியம் 133, 166 என்று ஏறிய பிறகுதான் ரஜினி ரஜினியாக நடந்தார். மெகாஹெர்ட்ஸ் என்றால் என்ன என்று ஒரு பால்மரத் தொழிலாளிக்கு விளக்க இதைவிடச் சுருக்கமான வழியை எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை.

ஆகவே இந்த முறையும் காரணம் படிப்பாகவே இருக்கட்டும். உங்கள் படிப்பு அல்ல, பிள்ளைகளின் படிப்பு. ‘அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் எப்படி இருந்துச்சுன்னு அதுங்களும் தெரிஞ்சிக்கட்டும்.’ மனைவி பதில் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் உங்களையே பார்ப்பார்.

‘ஏங்க, இது ஓடுமா?’

‘ஓடும்.’

‘ஓடி?’

இந்தக் கடைசிக் கேள்விக்கு இந்த வழிகாட்டியில் பதில் இல்லை. பேச்சை மாற்றுங்கள். மாமியார் பசியாறிவிட்டாரா என்று விசாரியுங்கள்.

படி 2: எந்த வருடத்துக்குத் திரும்புவது

‘பழைய கணினி’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவரை இந்த வட்டாரத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். வருடம் சொல்ல வேண்டும். முடிந்தால் மாதமும்.

1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 8088 என்ற புரோசஸர் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதற்காக ஏங்குகிறேன் என்று தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் சொன்னால் அவர் ஆபீஸ் கிராணியின் மகனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பொய் சொல்கிறார். பல லயங்களில் அப்போது விளக்கு எரிந்ததே தோட்டத்து எஞ்சின் ஓடும் நேரத்துக்குத்தான். 386 பிறந்தது 1985-இல். கண்ணால் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர், தொட்டவர்கள் அதிலும் கொஞ்சம். 

486 என்றால் கௌரவம். 1989-இல் வந்தது, 1.2 மில்லியன் டிரான்சிஸ்டர்கள். 486 டிஎக்ஸ்2-66 வைத்து ‘டூம்’ ஆடியவருக்கு எழுந்து இடம் கொடுங்கள். அந்தக் கேசிங்கின் முகப்பில் ‘டர்போ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கணினி பறக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் அது கணினியை மெதுவாக்குவதற்காக வைத்த பொத்தான். வேகம் குறைந்த புரோசஸருக்காக எழுதிய பழைய விளையாட்டுகள் புதிய கணினியில் தலைதெறிக்க ஓடாமலிருக்க. இன்னொரு வேடிக்கையும் அந்தக் குடும்பத்தில் உண்டு. 1991-இல் 486எஸ்எக்ஸ் என்று ஒன்றை மலிவாக விற்றார்கள். தொடக்கத்தில் வந்த எஸ்எக்ஸ், டிஎக்ஸ் சில்லுதான்; உள்ளே தசமக் கணக்குப் போடும் பகுதியை மட்டும் முடக்கியிருந்தார்கள். முழுசாகச் செய்து, பாதியைப் பூட்டி, குறைந்த விலைச் சீட்டு ஒட்டுவது.

என்னைக் கேட்டால் ஜொகூர்க்காரன் ஏங்குவதற்குத் தகுதியான வருடம் ஒன்றுதான்: 1998. மற்ற வருடங்களில் நல்ல புரோசஸர்கள் வந்தன. அந்த வருடத்தில் நியாயமான புரோசஸர் ஒன்று வந்தது.

நிலைமையை நினைத்துப் பாருங்கள். 1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்து நம் ரிங்கிட்டையும் இழுத்துக்கொண்டு போனது. அதுவரை ஒரு அமெரிக்க டாலருக்கு 2 வெள்ளி 50 காசு. 1998 ஜனவரியில் 4 வெள்ளி 80 காசைத் தாண்டியது. கணினிச் சாமான் அத்தனையும் டாலர் விலை. ‘படிப்புக்கு’ என்று சேர்த்த பணம் தகர டின்னுக்குள் உட்கார்ந்த இடத்திலேயே பாதியாகிப் போனது. இந்த நேரத்தில், ஆகஸ்டு 24-ஆம் தேதி, இண்டெல் ஒரே நாளில் புதிய புரோசஸர்களை இறக்கியது. ஒன்று பெண்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், மொத்த விலை 669 டாலர். இன்னொன்று செலரான் 300ஏ, 149 டாலர். செப்டம்பர் தொடக்கத்தில் அரசாங்கம் டாலரை 3 வெள்ளி 80 காசில் கட்டிப்போட்டது. இப்போது பேனாவை எடுங்கள். கடைக்காரர் லாபம் வைக்கும் முன்பே பெரியவர் 2,542 வெள்ளி, சின்னவர் 566 வெள்ளி. 

சின்னவருக்கு உள்ளே என்ன இருந்தது என்பதுதான் கதை. 66 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் மதர்போர்டின் வேகத்தை நாலரையால் பெருக்கினால் 300. அந்த நாலரையை மாற்ற முடியாதபடி இண்டெல் பூட்டியிருந்தது. மெதுவான சில்லின் எழுத்தைச் சுரண்டிவிட்டு வேகமான எண்ணை அச்சடித்து விற்கும் கும்பல்கள் அப்போது ஆசியா முழுக்க இருந்தன, பூட்டு அவர்களுக்காக. ஆனால் பெருக்கும் எண்ணைத்தான் பூட்டினார்கள். மதர்போர்டின் துடிப்பை 66-இலிருந்து 100-க்கு உயர்த்தினால்? நூறு பெருக்கல் நாலரை, 450. போதாக்குறைக்கு, பெண்டியம் 2-இல் 512 கிலோபைட் கேஷ் புரோசஸருக்கு வெளியே உட்கார்ந்து பாதி வேகத்தில் ஓடியது. செலரானில் 128-தான், ஆனால் சில்லுக்கு உள்ளேயே, முழு வேகத்தில். 566 வெள்ளிச் சாமான் 2,542 வெள்ளிச் சாமானின் தோளில் கை போட்டு நின்றது.

இது எப்படிச் சாத்தியம் என்றால், சில்லு நன்றாகவே செய்யப்பட்டிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை 450-ஐத் தாங்கின. ஆனால் ஏஎம்டியின் கே6-2-ஐ அடிக்க மலிவாக ஒன்று வேண்டும். அதே நேரத்தில் விலை உயர்ந்ததும் விற்றாக வேண்டும். எனவே 300 என்று முத்திரை. முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று சில்லுக்குத் தெரியாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போய், முதலாம் படிவத்துக்கு முன்னால் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

செய்முறை: அபிட் பிஎச்6 மதர்போர்டு கிடைத்தால் பயோஸ் திரையிலேயே துடிப்பை மாற்றிவிடலாம். கிடைக்காவிட்டால், செலரான் அட்டையின் விளிம்பில் பி21 என்ற தொடர்புப் பட்டையை மட்டும் மறைத்துவிட வேண்டும். மதர்போர்டு ஏமாந்து 100-க்குப் போய்விடும். மறைப்பதற்கு உலகம் முழுக்கப் பரிந்துரைக்கப்பட்ட பொருள் நகப்பூச்சு. அக்காவின் கியூட்டெக்ஸ் குப்பி காணாமல் போன வீடுகளில் எல்லாம் காதல்தான் காரணம் என்று அம்மாக்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வாங்கும்போது முதுகைப் பாருங்கள். சிலவற்றில் ‘கோஸ்டா ரிகா’ என்றிருக்கும், சிலவற்றில் ‘மலாய்’ என்றிருக்கும். எது கூடுதல் வேகம் தாங்கும் என்று அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஆட்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். நீங்கள் யோசிக்காமல் ‘மலாய்’ வாங்குங்கள். இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே போட்ட முதல் தொழிற்சாலை பினாங்கு பாயான் லெப்பாஸில்தான், 1972-இல். ஏஎம்டியும் அதே வருடங்களில் அங்கே கடை விரித்தது. பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்பி வைத்துக்கொண்டிருந்த பெண்களில் கம்பத்திலிருந்து வந்தவர்களும் உண்டு, தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போனவர்களும் உண்டு. நம் அத்தை மகள் பொட்டலம் கட்டிய சில்லு அமெரிக்கா போய், விலைச்சீட்டோடு சிங்கப்பூர் வந்து, பாலம் தாண்டி ரெங்கத்துக்கு வந்திருக்கலாம். நேராகப் பினாங்கிலிருந்து ரயில் ஏற்றியிருந்தால் ஒரு ராத்திரி.

படி 2.9998: பெண்டியம் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை

இது மூன்றாவது படிதான். 1994 பெண்டியத்தில் கணக்குப் போட்டால் இப்படித்தான் வரும்.

1993-இல் வந்த முதல் பெண்டியங்களில் வகுத்தல் கணக்குக்கான உள் அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. வர்ஜினியாவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் பகா எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இதைப் பிடித்தார். இண்டெல் முதலில் ‘சாதாரண ஆளுக்கு இது தெரியவே தெரியாது’ என்கிற மாதிரி பேசிப் பார்த்தது. கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்து, 475 மில்லியன் டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் 4195835-ஐ 3145727-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 1.33382 என்று வந்தால் உங்களிடம் இருப்பது சரியான சில்லு, விலை போகாது. 1.33374 என்று வந்தால் வாழ்த்துகள். பிழையான சில்லுக்குத்தான் இன்று சேகரிப்பாளர்கள் அதிகம் கொடுக்கிறார்கள்.

படி 4: சாமான் தேடுவது

அந்தக் காலத்து முறை அழகானது. ரெங்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் லாயாங் லாயாங், கூலாய் தாண்டி ஜொகூர் பாரு. அங்கே ஹாலிடே பிளாசா. சாமானைவிட அதில் போடும் திருட்டு சி.டி.க்குத்தான் கூட்டம். கடப்பிதழும் துணிச்சலும் இருந்தால் பாலம் தாண்டி சிம் லிம் ஸ்குவேர். கோலாலம்பூர்ப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் இம்பி பிளாசா, 1999 முதல் லோ யாட் பிளாசா.

அங்கிருந்து கொண்டுவந்த பொருள்களில் உயர்ந்தது விலைத்தாள். ஒவ்வொரு கடையிலும் அன்றைய விலையை ஒரு தாளில் பொடி எழுத்தில் நெருக்கி அச்சடித்து, நகலெடுத்து, வாசலில் வைத்திருப்பார்கள். காசு கேட்க மாட்டார்கள். நாலு கடையின் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தவன் வெறுங்கையோடு வந்தவன் அல்ல. சாயங்காலம் லயத்து வாசலில் நாலு பேர் அந்தத் தாளைச் சுற்றி உட்காருவார்கள். முதலில் பெண்டியம் 2, வூடூ கார்டு, 17 அங்குல மோனிட்டர் என்று பேனாவால் கணினி எழும்பும். கூட்டிப் பார்த்தால் 5,000 வெள்ளி. பெண்டியம் 2 கீழே இறங்கி கே6-2 ஏறும். மறுபடி கூட்டினால் 3,800. வூடூ போகும். மோனிட்டர் 14 அங்குலமாகச் சுருங்கும். ஸ்பீக்கருக்குப் பதில் வானொலிப் பெட்டியில் வயரைக் குத்திக்கொள்ளலாம் என்று ஒருவன் சொல்வான். 2,400. இன்னும் 400 வெள்ளி இடிக்கும். இருட்டிவிடும். நாளைக்கு வேறு தாள். அந்தக் கணினிகளை யாரும் வாங்கவில்லை. வாங்கியவற்றைவிட அவை நன்றாக ஓடின.

இன்றைய முறை அவ்வளவு அழகில்லை. பழைய பேப்பர் லோரி ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வருமே, அதன் பின்னாலேயே மோட்டாரில் போக வேண்டும். உங்களுக்குப் போட்டி தங்கம் உருக்குகிறவர்கள். பீங்கான் உடம்புள்ள பழைய புரோசஸர்களில் தங்கம் உண்டு. 1995-இல் வந்த பெண்டியம் புரோவில் அது தாராளம். அதனால் உலகத்தில் மிச்சமிருந்த பெண்டியம் புரோக்களில் பாதி நகையாகிவிட்டிருக்கும் என்று நான் சந்தேகிக்கிறேன். 

பழைய சாமான் தௌக்கேயிடம் பேசும்போது முகத்தில் சலனம் கூடாது. காலால் நகர்த்தி, ‘பாஸ், இனி சம்பாவா?’ என்று குப்பையைக் கேட்பதுபோல் கேட்க வேண்டும். கையில் எடுத்துத் திருப்பி, முதுகில் ‘மலாய்’ என்றிருப்பதைப் பார்த்துப் புன்னகைத்தீர்கள் என்றால் 5 வெள்ளி 80 வெள்ளியாகிவிடும். சவுண்ட் பிளாஸ்டர் கார்டு கண்ணில் பட்டால் மட்டும் பேரம் வேண்டாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனத்தின் சரக்கு. பக்கத்து ஊர்க்காரரை மதிக்க வேண்டும்.

படி 5: பூட்டுவது

486 போர்டு என்றால் முதல் வேலையாக அதன் பேட்டரியைப் பாருங்கள். சின்ன பீப்பாய் வடிவத்தில், போர்டோடு பற்றவைத்திருக்கும். இருபது வருடமாக அது கசிந்து பச்சை பூத்து, பக்கத்தில் உள்ள செம்புக் கோடுகளைத் தின்றிருக்கும். வெட்டி எறியுங்கள். 2000-ஐ ஒட்டி வந்த போர்டு என்றால் கெப்பாசிட்டர்களின் தலையைத் தடவுங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் அது அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பரவிய மட்டமான கெப்பாசிட்டர் வியாதி. மாற்றித்தான் ஆக வேண்டும்.

பழைய ஏடி பவர் சப்ளையிலிருந்து இரண்டு கனெக்டர்கள் வரும், பி8, பி9. இரண்டும் எப்படி வேண்டுமானாலும் நுழையும். சரியாக நுழைத்தால் கணினி. மாற்றி நுழைத்தால் ஊதுபத்தி. கருப்பு வயர்கள் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும், அவ்வளவுதான் வேதம். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு ஒன்றாம் எண் பக்கம். 486-ஐச் சாக்கெட்டில் வைக்கும்போது வெட்டுப்பட்ட மூலையை மூலையோடு பொருத்துங்கள். திருப்பி வைத்தாலும் அது பணிவாக உட்கார்ந்து, பிறகு செத்துப்போகும். பெண்டியம் எம்எம்எக்ஸ் என்றால் 2.8 வோல்ட், பழைய பெண்டியம் என்றால் 3.3. ஜம்பரை மாற்றி வைத்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

நீங்கள் 2000-ஆம் ஆண்டுக் கட்சி, ஏஎம்டி டியூரான்தான் உங்கள் முதல் காதல் என்றால், உங்களுக்கான ஆயுதம் 2பி பென்சில். மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். எழுதிய எவனும் அதை மறக்க முடியாது. வட்டத்தை முழுசாகக் கருப்பாக்க வேண்டும், வெளியே போகக் கூடாது, வேறு பென்சில் என்றால் இயந்திரம் படிக்காது. டியூரானின் முகத்தில் எல்1 என்று எழுதி, அதனடியில் வரிசையாகச் சிறு பாலங்கள் வெட்டப்பட்டுக் கிடக்கும். அந்த இடைவெளிகளில் பென்சிலால் கோடு இழுத்தால் கரி மின்சாரத்தைக் கடத்தும். பெருக்கும் எண்ணின் பூட்டு திறந்துவிடும். பக்கத்துக் கோட்டைத் தொடக் கூடாது. அரசாங்கம் ஆறு வருடம் கொடுத்த பயிற்சி இதற்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. 2001-இல் வந்த ஏத்லான் எக்ஸ்பியில் பாலம் இருந்த இடத்தை லேசரால் குழி தோண்டிவிட்டார்கள்; கோடு குழிக்குள் விழுந்தது. பென்சில் தேர்வுத்தாளுக்கே திரும்பிப் போனது. 

ஏஎம்டிக்காரர்கள் இந்த இடத்தில் 2000 மார்ச் 6-ஐ நினைவுபடுத்துவார்கள். ஒரு கிகாஹெர்ட்ஸை முதலில் தொட்டது அவர்கள்தான். இண்டெல் இரண்டு நாள் பிந்தியது. சொல்லட்டும். ஹீட்சிங்க்கின் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி மாட்டும்போது திறந்து கிடக்கும் சில்லின் மூலை நொறுங்குகிற சத்தத்தைக் கேட்ட பிறகு அவர்களே அமைதியாகிவிடுவார்கள்.

பூட்டி முடித்ததும் மூடியைப் போடாமல் சுவிட்சைப் போடுங்கள். ஒரே ஒரு குட்டி ‘பீப்’ வந்தால் எல்லாம் சுகம். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்பிளே கார்டு சரியாக உட்காரவில்லை. கழற்றி, தங்கப் பற்களை ரப்பரால் அழித்து, மறுபடி அமுக்குங்கள். ஒன்றுமே வராவிட்டால் பவர் சப்ளைக்குள் எட்டிப் பாருங்கள். பல்லி.

மோடம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் டிஎம்நெட்டுக்கு 1515, ஜாரிங்குக்கு 1511. மோடம் கீச்சிட்டுக் கத்தி முடிக்கும் முன் யாராவது தொலைபேசியை எடுத்து ‘ஹலோ’ என்றால் எல்லாம் போச்சு. அதைவிடப் பெரிய எதிரி பிற்பகல் மழை. செம்பனைக் காட்டுக்கு மேலே எங்கோ இடிக்கும். தொலைபேசிக் கம்பி வழியாக வந்து நம் மோடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்லும். சில சமயம் போகிற போக்கில் மதர்போர்டையும். ஆகவே இப்போது மோடத்தைப் பூட்டுங்கள், கம்பியைச் செருகாதீர்கள். இணைப்பதற்கு அந்தப் பக்கம் ஆளும் இல்லை. 

படி 6: உள்ளே என்ன போடுவது

விண்டோஸ் 98. விவாதம் இல்லை. விண்டோஸ் 95-ஐ நெகிழ்வட்டிலேயே போடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு 13 வட்டுகள் தேவை, பன்னிரண்டாவது படிக்காது.

அடுத்தது தமிழ். விண்டோஸ் 98-க்கு நம் எழுத்து தெரியாது. மைக்ரோசாஃப்ட் தமிழைச் சேர்த்ததே விண்டோஸ் 2000-இல்தான். அதுவரை காத்திருக்காமல், கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985-இலிருந்தே தமிழைக் கணினிக்குள் நுழைக்கும் வேலையில் இருந்தார். முரசு அஞ்சலைப் போட்டு, ‘இணைமதி’ எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, ‘அம்மா’ என்று தட்டினால் திரையில் அம்மா வந்தாள். தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூருக்கே வந்தது. இணைமதி இன்று மேக் கணினிகளுக்குள் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அன்று தட்டி வைத்த கோப்பை இன்றைய கைப்பேசியில் திறந்தால் யூனிக்கோடுக்கு முந்திய குறியீடு என்பதால் தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரும். 1999-இல் நீங்கள் யாருக்காவது எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்றால், மனைவி பக்கத்தில் இருக்கும்போது முரசு அஞ்சலை நிறுவ வேண்டாம்.

பிறகு ரெட் அலர்ட். பிறகு படையப்பா. வி.சி.டி. உள்ளே போய்ச் சுழலும் சத்தம் கேட்டு அப்பா கூடத்திலிருந்து எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும். அவர் பணம்.

அதன் பிறகு

இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை: கணினி ஓடிவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. திரையில் 450 என்று எண் வரும். இரண்டு பேருக்குப் படம் எடுத்து அனுப்புவீர்கள். ஒருவர் கட்டைவிரல் போடுவார், இன்னொருவர் கே6-2-தான் நல்லது என்பார். சுவிட்சை அணைப்பீர்கள். மனைவி கேட்ட ‘ஓடி?’ அந்த அறையிலேயே நிற்கும்.

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: அடுத்த கணினிக்கு போர்டு வாங்குவது. இணையத்தில் தேடி, பேரம் பேசி, பணம் கட்டி, முகவரி எழுதும் இடத்துக்கு வந்ததும் நிதானியுங்கள். ரெங்கம், 86300. அவசரத்தில் ‘சிம்பாங்’ என்று முன்னால் சேர்த்து 86200 என்று எழுதிவிட்டால் பொட்டலம் பெருஞ்சாலைப் பக்கம் இருக்கும் அந்த ஊருக்குப் போய்விடும். அங்கேயும் நாற்பதைத் தாண்டிய ஓர் அண்ணன் இருப்பார். அட்டைப் பெட்டியைக் குலுக்கிப் பார்த்த உடனேயே உள்ளே இருப்பது பிஎச்6 என்று அவருக்குத் தெரிந்துவிடும். திருப்பி அனுப்ப மாட்டார்.